விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஐத் தாண்டாது, தளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. கடைக் கணினிகளை என்ன செய்வது?

கடைவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டை பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், டிடிபி மூன்றும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. கடையில் மூன்று கணினி. மூன்றிலும் விண்டோஸ் 7, கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம். குரோம் 109-இல் நின்றுவிட்டது. இனி அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 வேண்டும் என்று மேலே ஒரு பட்டை வரும், அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். ரொம்ப நாள் இதனால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறது.

ஒரு வங்கித் தளம் உள்ளேயே விடாமல், உங்கள் பிரவுசர் பழையது என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இன்னொரு தளத்தில் விண்ணப்பம் முழுக்க நிரப்பி, பணமும் கட்டிய பிறகு, ரசீது திறக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பெட்டி. வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். அவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கையில் ரசீது இல்லை. அவர் பிரவுசரையா குறை சொல்வார், என்னைத்தான் பார்க்கிறார். கடைசியில் அவர் செல்போனிலேயே நுழைந்து ரசீதை இறக்கி, கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இது தினமும் நடந்தால் கடை நடத்த முடியாது.

கேட்க வேண்டியது இரண்டு. முதலில், நன்றாக ஓடுகிற கணினிக்கு எதற்காக இப்படி ஆதரவை நிறுத்துகிறார்கள்? அப்புறம், மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வசதி இல்லை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டும் விண்டோஸில்தான் வேலை செய்கின்றன. பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் விழா அழைப்பிதழ் என்று வருடக்கணக்கில் சேர்ந்த கோப்புகளும் இருக்கின்றன. வேறு பிரவுசர் போட்டால் சரியாகிவிடுமா?

---

மின்னல்கொடி எழுதியது:

ஓபராவோ பிரேவோ போட்டுப் பாருங்கள். குரோமைவிட லேசாக இருக்கும்.

---

நிரல்நெசவு எழுதியது:

மின்னல்கொடி, அது உதவாது. ஓபரா, பிரேவ், விவால்டி, எட்ஜ் எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது குரோமின் அடிப்படையான குரோமியம்தான். 2023 பிப்ரவரியில் குரோம் 110 வந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் விட்டபோது இவையும் கூடவே விட்டுவிட்டன. எட்ஜுக்கும் 109தான் கடைசி. பிரவுசர் மட்டும் இல்லை, குரோமியத்தை உள்ளே வைத்துக் கட்டிய மென்பொருள்களும் போயின. ஸ்டீம் என்கிற கேம் மென்பொருள் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐ விட்டதற்கும் இதையே காரணமாகச் சொன்னார்கள்.

கடைவீதி அண்ணா, நான் வெப் டெவலப்பர். நீங்கள் திட்டுகிற பக்கத்தில் வேலை செய்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரவுசர் செய்பவர்கள் நிறுத்தியதில் எனக்கு அவர்கள்மேல் பெரிய கோபம் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்தியது. காசு கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி 10 வரை கொடுத்தது. குரோம் முதலில் 2021 ஜூலை வரை என்றது, அப்புறம் 2022 ஜனவரி, அப்புறம் 2023 ஜனவரி என்று தள்ளிக்கொண்டே வந்தது. பிரவுசர் தன்னைக் காத்துக்கொள்ள அடியில் இருக்கும் விண்டோஸை நம்பித்தான் நிற்கிறது. ஒரு பக்கத்தின் நிரல் உங்கள் கோப்புகளைத் தொடாமல் தனியாக அடைத்து வைக்கும் வேலையைச் செய்துகொடுப்பதே இயங்குதளம்தான். அதில் ஓட்டை விழுந்து யாரும் அடைக்காத நிலையில், மேலே இருக்கும் பிரவுசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் உத்தரவாதம் தர முடியாது. சில வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறவர்கள் ஒவ்வொன்றையும் விண்டோஸ் 7-இலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், அது சின்ன வேலை இல்லை.

எனக்குக் கோபம் வருவது தளங்கள் செய்கிற காரியத்தில். உங்கள் கடையில் நடந்தவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

அந்த வங்கித் தளம் உங்கள் பிரவுசரின் பதிப்பு எண்ணைப் பார்த்து நிறுத்துகிறது. தெரிந்தே வைத்த பூட்டு அது. வங்கிக்கு அதற்கு நியாயம் உண்டு, பணம் சம்பந்தப்பட்ட இடம்.

ரசீது விஷயம் அப்படி இல்லை. அடுத்த தடவை அந்த வெள்ளைப் பெட்டி வரும்போது எஃப்12 தட்டுங்கள், ஓரத்தில் ஒரு பலகை திறக்கும், அதில் கன்சோல் என்பதை அழுத்துங்கள். சிவப்பில் ஒரு வரி இருக்கும். என் ஊகம், அதில் 'பிராமிஸ்.வித்ரிசால்வர்ஸ்' என்று வரும். பக்கத்துக்குள்ளேயே பிடிஎஃப் காட்ட நிறைய தளங்கள் பயன்படுத்துவது மொசில்லாவின் பிடிஎஃப்.ஜேஎஸ். அதன் புதிய பதிப்புகள் இந்தச் செயல்பாட்டைக் கூப்பிடுகின்றன. இது குரோமில் வந்தது 119-இல். உங்களிடம் இருப்பது 109. இல்லாத ஒன்றைக் கூப்பிட்டதும் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும், பெட்டி வெள்ளையாகவே இருக்கும். இத்தனைக்கும் பிடிஎஃப்.ஜேஎஸ் குழுவே பழைய பிரவுசர்களுக்கென்று லெகசி பில்டு என ஒன்றைத் தனியாகத் தருகிறது. தளம் செய்தவர் அதை எடுத்துப் போட்டிருந்தாலே போதும். இல்லாவிட்டால் பக்கத்தில் 'ரசீதை இறக்கு' என்று ஒரு சாதாரண இணைப்பு வைத்திருக்கலாம். பணம் வாங்குகிற தளத்தில் அந்த ஒரு இணைப்பு இல்லாமல் போனதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது. புத்தம் புதிய கணினியில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில தளங்களில் நிறம் பறந்துவிடும், பொத்தான் இடம் மாறிக் கிடக்கும். டெயில்விண்டு என்று ஒரு வடிவமைப்புக் கருவி இருக்கிறது, இப்போது கண்ட இடத்திலெல்லாம் அதுதான். அதன் 4-ஆம் பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது, குறைந்தது குரோம் 111 வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். 109-க்கும் 111-க்கும் வித்தியாசம் இரண்டே எண். ஆனால் அந்த இரண்டு எண்ணுக்குள் விண்டோஸ் 7 மொத்தமும் வெளியே போய்விட்டது. எங்கள் ஆபீஸில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் சண்டை போடுவேன். பழைய கணினிக்காரர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள், திரும்பி வராதவர்களை எந்தக் கணக்கில் பிடிப்பது?

---

அகல்விளக்கு எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அண்ணா, அந்தக் கணினிகளில் வாடிக்கையாளர்களின் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்க விடாதீர்கள். தயவு செய்து.

உங்கள் சொந்த வீட்டுக் கணினி என்றால் உங்கள் விருப்பம். கடையில் உட்கார்ந்திருப்பது மற்றவர்களின் ஆதார் எண், பான், ஓடிபி, மார்க் ஷீட். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்கிற நிரல் நூலகத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். வெப்பி வகைப் படத்தைத் திரையில் விரித்துக் காட்டும் நிரல் அது, கிட்டத்தட்ட எல்லா பிரவுசரிலும் இருந்தது. எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம், கெடுதலாகச் செய்த படம் ஒன்று பக்கத்தில் வந்தாலே போதும் என்ற அளவுக்கு மோசமானது. குரோம், பயர்பாக்ஸ் எல்லாம் அவசர அவசரமாகத் திருத்தம் விட்டன. 2024 மே மாதம் பாருங்கள், ஏற்கெனவே யாரோ தாக்குதலுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஓட்டைகள் என்று சொல்லியே குரோம் அடுத்தடுத்துத் திருத்தம் விட்டது. அவற்றில் எவை 109-இலும் இருக்கின்றன என்று உட்கார்ந்து பார்க்க ஆளே கிடையாது. ஆதரவு நிறுத்தம் என்றால் நடைமுறையில் இதுதான் அர்த்தம், புதுப் பொத்தான் வராமல் போவது பெரிய விஷயமே இல்லை.

நிரல்நெசவு சொல்வதுபோல் தளங்கள் எல்லாம் பழைய பிரவுசருக்கும் இறங்கி வந்தால், ஆட்கள் அதிலேயே இருந்துவிடுவார்கள். கொஞ்சம் இடைஞ்சல் இருந்தால்தான் மாறுவார்கள் என்பது என் எண்ணம்.

---

நிரல்நெசவு எழுதியது:

அகல்விளக்கு, பாதுகாப்பு பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. கடைசிப் பத்தியில்தான் ஒத்துவரவில்லை. இடைஞ்சல் கொடுத்தால் மாறுவார்கள் என்பது காசு இருக்கிறவர்களுக்குப் பொருந்தும். இல்லாதவர் மாற மாட்டார், அந்தச் சேவையை விட்டுவிட்டுப் போவார், அல்லது ரசீது இல்லாமல் வீட்டுக்குப் போவார். எச்சரிக்கை காட்டுங்கள், நெட்பேங்கிங்கைப் பூட்டுங்கள், சரி. ஒரு விண்ணப்பத்தின் நிலை பார்க்கிற பக்கத்தையும் தேர்வு முடிவு பார்க்கிற பக்கத்தையும் எதற்குப் பூட்ட வேண்டும்? ஒரு எண் அடித்தால் நாலு வரி பதில் வருகிற பக்கம் அது. சாதாரண எச்டிஎம்எல்லில் செய்தால் இருபது வருடத்துக்கு முந்திய பிரவுசரிலும் படிக்கலாம்.

---

பழையமோடம் எழுதியது:

இதைப் படித்ததும் எனக்குத் தமிழ் இணையத்தின் ஆரம்ப நாட்கள்தான் ஞாபகம் வந்தது. நிறையப் பேருக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் தமிழ்ச் செய்தித் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தன. எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு இன்னும் பரவவில்லை. டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியீடுகள், அப்புறம் ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தக் குறியீடு. வாசகர் முதலில் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று டைனமிக் எழுத்துரு என்று ஒன்று வந்தது. பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்டின் இஓடி கோப்பு, அன்றைய இன்னொரு பிரவுசரான நெட்ஸ்கேப்புக்கு பிஎஃப்ஆர் கோப்பு. நெட்ஸ்கேப் ஓய்ந்த பிறகு பெரும்பாலான தளங்கள் இஓடி ஒன்றோடு நின்றுவிட்டன. பக்கத்தின் அடியில் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, 800க்கு 600 திரையில் பார்க்கவும்' என்று எழுதியிருக்கும்.

அன்றைக்கு பயர்பாக்ஸில் அந்தத் தளங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பைதான் தெரியும். பத்மா என்று ஒரு நீட்சி இருந்தது, அது அந்தக் குறியீடுகளை யூனிகோடாக மாற்றிக் காட்டும், அதை வைத்துத்தான் நான் செய்தி படித்தேன். இஓடியை வேறு எந்த பிரவுசரும் கடைசிவரை ஏற்கவே இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவை விண்டோஸ் 10-இல் 2022 ஜூன் 15-இல் நிறுத்தினார்கள், 2023 பிப்ரவரி 14-இல் எட்ஜ் அப்டேட் மூலமாக அதைத் திறக்கவே முடியாதபடி செய்தார்கள். அதோடு அந்தப் பழைய பக்கங்களை உள்ளபடி காட்டக்கூடிய கடைசித் தனி பிரவுசரும் போனது. யூனிகோடுக்கு மாற்றிக்கொண்ட தளங்கள் பிழைத்தன. மாற்றாதவர்களின் பழைய கட்டுரைகள் இன்றும் இணைய ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன, இன்றைய பிரவுசரில் சாதாரணமாகத் திறந்தால் வாசிக்க முடியாது. கதைகள், கவிதைகள், ஈழத்துச் செய்திகள், அந்தக் காலத்து விவாதங்கள். எழுதியவர்களில் பலர் இப்போது இல்லை. அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து யூனிகோடாக மாற்றி வைக்கிற தன்னார்வலர்களுக்குக் கோடி நன்றி சொன்னாலும் போதாது.

தென் கொரியாவில் இதைவிடப் பெரிய கூத்து. 1990-களின் கடைசியில் அவர்களே சீட் என்று ஒரு மறையாக்க முறை உருவாக்கி, அதை ஆக்டிவ்எக்ஸ் வழியாக வங்கிகளில் கட்டாயமாக்கினார்கள். ஆக்டிவ்எக்ஸ் என்பது பிரவுசருக்குள் ஓடுகிற மைக்ரோசாஃப்டின் செருகுநிரல், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் ஓடும். ஒரு நாடே பல வருடம் ஒரே பிரவுசரில் கட்டுண்டு கிடந்தது.

அதனால்தான் தளம் செய்கிறவர்களைப் பார்த்துக் கேட்கிறேன். அன்றைக்கு ஒரே ஒரு பிரவுசர் இருந்தால் போதும் என்று கட்டினார்கள், இன்றைக்குப் போன வருடத்துப் பதிப்பு இருந்தால் போதும் என்று கட்டுகிறார்கள். இரண்டிலும் வாசகர்தான் வெளியே நிற்கிறார்.

கடைவீதி தம்பி, உங்களுக்கு ஒரு உபயோகமான தகவல். இன்னும் எக்ஸ்புளோரரையே கேட்கிற ஏதாவது பழைய தளம் உங்கள் தொழிலில் இருந்தால், விண்டோஸ் 10, 11-இல் எட்ஜுக்குள் பழைய எக்ஸ்புளோரர் மாதிரியே பக்கத்தைக் காட்டுகிற ஐஇ மோடு இருக்கிறது. குறைந்தது 2029 வரை வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

---

தாமரைக்குளம் எழுதியது:

இடையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் பழைய ஐபேட் மினி 2 இருக்கிறது. ஐஓஎஸ் 12-க்கு மேலே போகாது. நிறைய தளம் வெள்ளையாக நிற்கிறது. குரோம் இறக்கினால் சரியாகுமா? பையன் பாடம் பார்க்க அதுதான் இருக்கிறது.

---

நிரல்நெசவு எழுதியது:

ஆகாது அக்கா. ஆப்பிளின் விதிப்படி உங்கள் ஐபேடில் குரோம், பயர்பாக்ஸ் எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் அடிப்படையான வெப்கிட்தான், அதுவோ ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருவது. ஐஓஎஸ் நின்றால் எல்லா பிரவுசரும் நின்ற மாதிரி. அந்த வெள்ளைத் திரைக்குக் காரணமும் கடைவீதி அண்ணாவுடையதைவிட ஒரு படி மோசம். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதுகிற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணம் சஃபாரியில் 13.1-இல்தான் வந்தது. இல்லாத செயல்பாட்டைக் கூப்பிட்டால் கூப்பிடுகிற இடம் வரைக்குமாவது நிரல் ஓடும். இலக்கணமே புரியாவிட்டால் முழுக் கோப்பையும் பிரவுசர் தள்ளிவிடும், முதல் வரிகூட ஓடாது.

பாடம் பிடிஎஃப் ஆகவோ வீடியோ கோப்பாகவோ கிடைத்தால் வேறு கணினியில் இறக்கி ஐபேடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு அந்தத் திரை இன்னும் அருமையாகத்தான் இருக்கும்.

இதே மாதிரி பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தியதில் பல தளங்கள் 'இணைப்பு பாதுகாப்பானதில்லை' என்று சொன்னால் போனில் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகத் தருகிற லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற அமைப்பின் மூலச் சான்றிதழ் அந்தப் போன்களின் பட்டியலில் இல்லை. பழைய சான்றிதழ் ஒன்றை வைத்து 2024 செப்டம்பர் வரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் அதுவும் முடிந்தது. பயர்பாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்துகொண்டு வருவதால் அதில் திறக்கும் என்று முன்பு சொல்வோம். இப்போது புதிய பயர்பாக்ஸும் ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழே வருவதில்லை.

---

தச்சன் எழுதியது:

கடைவீதி, காரணம் எல்லாம் பேசியாயிற்று, வேலைக்கு வருவோம். நான் பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் பழைய கணினி சரிசெய்து கொடுக்கிறவன். உங்களுடையது மாதிரி பெட்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் என்கிற நீண்ட கால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி. 2024 செப்டம்பரில் முடியும் என்று முதலில் அறிவித்தார்கள், அப்புறம் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொடுத்துவந்தார்கள். குரோம் 109-க்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் உங்கள் ரசீதுப் பிரச்சினை இதில் தீராது, நிரல்நெசவு சொன்ன அந்தச் செயல்பாடு பயர்பாக்ஸில் வந்தது 121-இல். சூப்பர்மியம் என்று ஒன்றையும் யாராவது சொல்வார்கள். புதிய குரோமியத்தை எடுத்துப் பழைய விண்டோஸுக்குப் பொருந்தும்படி மாற்றித் தருகிறார்கள். ரசீது திறக்கும், வேலை நடக்கும். அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மற்றவர்களின் வங்கி விவரத்தை அதில் அடிக்கச் சொல்ல மாட்டேன், அடியில் இருப்பது அதே திருத்தம் இல்லாத விண்டோஸ் 7தான்.

அதனால் மூன்று கணினிக்கும் ஒரே வைத்தியம் பார்க்காதீர்கள். வேலையைப் பிரியுங்கள்.

பேஜ்மேக்கர் கணினியில் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் 7 அப்படியே இருக்கட்டும், இணையக் கேபிளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். பழைய தமிழ் எழுத்துரு, கோப்புகள், பிரின்டர் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இணையம் இல்லாத விண்டோஸ் 7 இன்னும் பல வருடம் உழைக்கும். பென்டிரைவ் போடும்போது மட்டும் கவனம்.

கைரேகை, டோக்கன், வங்கி மூன்றுக்கும் ஒரு கணினி மாற்றித்தான் ஆக வேண்டும். இதில் மட்டும் செலவைத் தவிர்க்க முடியாது. ஆபீஸ்களிலிருந்து வருகிற நாலாம் தலைமுறை ஐ5 மலிவாகக் கிடைக்கும், விண்டோஸ் 10 ஓடும், ஆனால் யோசித்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது, அதற்கு மேல் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால்தான் பாதுகாப்புத் திருத்தம் வரும். எட்ஜை மட்டும் அதில் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் இருந்தால்தான் முறைப்படி விண்டோஸ் 11 ஏறும். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எட்டாம் தலைமுறை பாருங்கள். இல்லாவிட்டால் இதே கேள்வியோடு மறுபடி இங்கே வர வேண்டியிருக்கும்.

மூன்றாவதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். விண்ணப்பம் நிரப்ப, ரசீது இறக்க, முடிவு பார்க்க. கோர் 2 டுயோ 64 பிட் சிப்தான். உங்கள் விண்டோஸ் 32 பிட் ஆக இருந்தாலும் சிப் 64 பிட் தாங்கும், அதை வைத்துக் குழம்பிக்கொள்ள வேண்டாம். ராமை 4 ஜிபி ஆக்குங்கள், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். லினக்ஸ் மின்ட்டின் லேசான வடிவமான எக்ஸ்எஃப்சிஇ போதும். அதில் இன்றைய பயர்பாக்ஸ், இன்றைய குரோம் இரண்டும் ஓடும், அதே பெட்டியில், அதே மானிட்டரில். நிறுவும் முன் பென்டிரைவில் போட்டு லைவாக ஓட்டிப் பாருங்கள், உங்கள் டிஸ்கில் ஒன்றும் மாறாது.

ஒரு இடம்தான் இடிக்கும். கடைகளில் வைத்திருக்கிற சின்ன லேசர் பிரின்டர்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் பெரும்பாடு. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ரசீதை பிடிஎஃப் ஆகச் சேமித்து, பென்டிரைவில் எடுத்துப்போய் பேஜ்மேக்கர் கணினியிலிருந்தே பிரின்ட் கொடுங்கள்.

---

கடைவீதி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நிரல்நெசவு தம்பி சொன்னபடி எஃப்12 தட்டிப் பார்த்தேன். சிவப்பு வரியில் நீங்கள் சொன்ன அதே பெயர்தான் இருந்தது. அதைப் படமெடுத்து அந்தத் தளத்தின் உதவி மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன், இறக்குவதற்கு ஒரு இணைப்பாவது வையுங்கள் என்று கேட்டு. பதில் வந்தால் சொல்கிறேன்.

அகல்விளக்கு சொன்னது உறைத்தது. வங்கி வேலை, பான், ஆதார் எதையும் விண்டோஸ் 7-இல் இனி செய்வதில்லை, எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது வரும்வரை அந்த வேலைகளை வாடிக்கையாளர் போனிலேயே செய்யச் சொல்கிறேன், பக்கத்தில் இருந்து உதவி மட்டும் செய்கிறேன்.

மின்ட்டை லைவாக ஓட்டிப் பார்த்தாயிற்று. ரசீது திறக்கிறது. மூன்று டேப் திறந்தால் 2 ஜிபி திணறுகிறது, ராம் சொல்லியிருக்கிறேன். தச்சன் அண்ணா, ஒரு சந்தேகம். கடையில் உதவிக்கு இருக்கும் பெண் டைப்ரைட்டிங் படித்தவள், பழைய தட்டச்சு முறையில்தான் தமிழ் அடிப்பாள். எனக்கு தமிழ்99 விசைப்பலகை. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் போட்டு இரண்டையும் மாற்றிக்கொள்வோம். லினக்ஸில் இது முடியுமா? விண்ணப்பத்தில் பெயர், முகவரி தமிழில் கேட்கிறார்கள், இது இல்லாவிட்டால் அந்தக் கணினி பாதி வேலைக்குத்தான் ஆகும்.

---

தச்சன் எழுதியது:

முடியும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்றும் ஐபஸ்-எம்17என் என்றும் தேடி இரண்டையும் நிறுவுங்கள், பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள் இவை. அப்புறம் மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழே தமிழ்99, டைப்ரைட்டர், பொனடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் தனித்தனியாக இருக்கும். உங்களுக்குத் தமிழ்99, அந்தப் பெண்ணுக்கு டைப்ரைட்டர், இரண்டையும் ஆங்கிலத்தோடு சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்.

இது யூனிகோடில்தான் அடிக்கும், அதனால் விண்ணப்பத் தளங்களில் நேராக அடிக்கலாம். பேஜ்மேக்கர் கோப்புக்குள் ஒட்டினால் மட்டும் வராது, அந்த எழுத்துரு வேறு குறியீடு. அந்த வேலையை விண்டோஸ் 7-இலேயே செய்யுங்கள். டைப்ரைட்டர் முறையில் ஒன்றிரண்டு கிரந்த எழுத்து வேறு பட்டனில் இருக்கலாம், அவளை ஒரு பக்கம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது மாறியிருக்கிறது என்று இங்கே எழுதினால் அதைத் திருத்துகிற வழி சொல்கிறேன்.